கீறல் விழுந்த தட்டு வீட்டையே கூட்டிக்கொண்டு வருவது எப்படி?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். அப்பா போன பிறகு மச்சில் கிடந்த தகரப்பெட்டியைத் திறந்திருக்கிறார், உள்ளே அடுக்கடுக்காக இசைத்தட்டுகள். பழைய பிளேயருக்குப் புது முள் வாங்கிப் போட்டு ஒரு தட்டைச் சுழலவிட்டதும், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்தக் கரகரப்பிலேயே, அப்பா சாய்வு நாற்காலியில் இருந்து வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடி துடைப்பது கண்முன் வந்துவிட்டதாம். "இதே பாட்டை ஃபோனில் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், அப்போ ஒண்ணும் வரலையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறார். கூடவே, விளக்கு வைத்த பிறகு அந்தத் தட்டுகளைப் போடாதே, அப்பாவின் ஆவி அதில் இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொன்னதாகவும், அதனால் ராத்திரியில் போடப் பயமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்.

பயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த நேரத்திலும் போடுங்கள் அக்கா. அப்பா இருந்தபோது உங்கள் மூளையில் உண்டாக்கிவிட்டுப் போன நரம்பு இணைப்புகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன, தட்டு சுற்றும்போது அவை விழிக்கின்றன. துக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் அப்பாவையே பயப்படச் சொல்கிற பேச்சை நான் எப்போதும் எதிர்ப்பேன்.

இனி தட்டு. ஒலி என்பது அதிர்வு, அந்த அதிர்வின் வடிவத்தையே நெளிநெளியாகப் பள்ளத்தின் சுவர்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள், முள் அதில் ஓடும்போது அதே மாதிரி நெளிகிறது, காந்தமும் கம்பிச்சுருளும் அந்த நெளிவை மின்சாரமாக்குகின்றன. அந்த மின்சாரத்தை ஸ்பீக்கர் திரும்பவும் அதிர்வாக்குகிறது. ஸ்டீரியோ என்றால் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது காதுக்கு, மறு சுவரில் வலது காதுக்கு; ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1931-இல் காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த யோசனை இது. ஒரு பக்கம் முழுவதும் ஒரே ஒரு பள்ளம்தான், சுருள் சுருளாகப் போகிறது. 22 நிமிடம் ஓடும் பக்கத்தில் தட்டு எழுநூறு சுற்றுக்கு மேல் சுற்றும், அந்தப் பள்ளத்தை நீட்டிப் போட்டால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும், அதாவது கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறை வரைக்கும்.

இப்போது கீறலுக்கு வருவோம். பெரிய எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும், அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் முள் ஒவ்வொரு சுற்றிலும் அதைத் தாண்டியாக வேண்டும், ஆகவே 1.8 விநாடிக்கு ஒரு 'டக்'. திங்கள்சந்தையில் ரேடியோ செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த என் மாமாவின் தட்டு ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு, சரணம் தொடங்கும் இடத்தில் பன்னிரண்டு 'டக்'. கீறலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தலைமுடித் துண்டு ஒட்டியிருக்கிற மாதிரி தெரியும், நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். பள்ளத்துக்குப் பள்ளம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் இடைவெளி என்பதால் அவ்வளவு சின்னக் கீறலே பன்னிரண்டு சுற்றுக்குப் போதும்.

அந்த முதல் 'டக்' கேட்டதும் எனக்கு மட்டி வாழைப்பழ வாசனை வரும். தட்டுகள் இருந்த அறையில்தான் மாமா மட்டிக்குலை கட்டித் தொங்கவிடுவார். வாசனைக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விளக்கு, திண்ணையில் கவிழ்த்துக் கிடக்கும் குழாய் ஸ்பீக்கர், நான் முள்ளைத் தப்பாக இழுத்துவிட்டு அழுதுகொண்டு நிற்பது, மாமா "போட்டு மக்கா, அழாதே" என்று தூக்கிக்கொள்வது, எல்லாம் வரிசையாக வரும். சித்தி கல்யாணத்துக்கு முந்தின நாள் அது.

இது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

காதுக்கு உள்பக்கமாக, மூளையின் இரண்டு புறமும் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. கிரேக்கத்தில் கடல்குதிரை என்று அர்த்தம், வடிவமும் அப்படித்தான் வளைந்திருக்கும். அதற்குள் சி.ஏ.3 என்று ஒரு சின்ன வட்டாரம். மூளையின் பல இடங்களில் நரம்பு செல்கள் செய்தியை அடுத்த இடத்துக்கு அனுப்பும், இங்கேயோ செல்கள் தங்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று கை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எலியில் ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 12,000 இணைப்புகள் இப்படி அதே வட்டாரத்துச் செல்களிடமிருந்து வருகின்றன. ஒரு சம்பவம் நடக்கும்போது சத்தம், வாசனை, இடம், ஆள் என்று ஒவ்வொன்றுக்கும் சில செல்கள் துடிக்கும். ஒரே நேரத்தில் துடித்த செல்களுக்கு இடையிலான பிடி இறுகிவிடும். பல வருடம் கழித்து அதில் நாலைந்து செல் மட்டும் துடித்தால் போதும், அவை பிடித்திருக்கும் மற்றவற்றையும் இழுத்து எழுப்பிவிடும், முழுக் கூட்டமும் எழுந்ததும் மூளையின் மேற்பரப்பில் வாசனைக்கும் காட்சிக்கும் உரிய இடங்களுக்குச் செய்தி திரும்பிப் போகும். குளச்சல் பக்கம் கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை, இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், கரையில் நிற்பவர் கையில் கயிற்றின் நுனிதான் இருக்கும், இழுக்க இழுக்க மடி முழுவதும் மீனோடு வந்து சேரும். அதே சங்கதி.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று டேவிட் மார் என்ற மூளை விஞ்ஞானி 1971-இலேயே கணக்குப் போட்டு எழுதினார். சோதித்துக் காட்டப்பட்டது 2002-இல், அமெரிக்காவில் சுசுமு டொனெகாவாவின் ஆய்வகத்தில். தண்ணீர்த் தொட்டியில் ஒரு மேடை, நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சுற்றிலும் நான்கு அடையாளங்கள். சுண்டெலிகள் அந்த அடையாளங்களை வைத்து மேடை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டன. பிறகு மூன்று அடையாளத்தை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டார்கள். சாதாரண எலிகள் அந்த ஒன்றை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்தன. சி.ஏ.3-இல் இணைப்பை இறுக்கும் ஒரு மூலக்கூறு இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளோ, நான்கும் இருந்தால் சரியாகப் போயின, ஒன்று மட்டும் இருந்தால் தடுமாறின. நினைவு அழியவில்லை, நுனியைப் பிடித்து முழுவதையும் இழுக்கும் சக்திதான் போயிருந்தது. எலியை நீந்தவிடுவதற்கா இவ்வளவு பணம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அல்சைமர் வந்த ஒருவர் வீட்டு வாசலில் நின்று வீடு எங்கே என்று கேட்பதைப் பார்த்த யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அடிப்படை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, ஃபோனில் ஏன் வரவில்லை? கயிறு ஒன்று, மடி ஒன்று என்றால் இழுத்ததும் வரும். ஒரே கயிற்றில் நூறு மடி கட்டியிருந்தால்? அந்தப் பாட்டை நீங்கள் நாகர்கோவில் பஸ்ஸில் கேட்டிருப்பீர்கள், சாயாக்கடையில், கல்யாண மண்டபத்தில், டிவியில் கேட்டிருப்பீர்கள். ஒரு தூண்டலோடு எவ்வளவு நினைவுகள் சேர்கின்றனவோ அவ்வளவுக்கு அது எதையும் தெளிவாக எழுப்பாது, உளவியலில் இதற்குச் சோதனைச் சான்று நிறைய இருக்கிறது. உங்கள் அப்பாவின் தட்டில் உள்ள கரகரப்பு அப்படியில்லை. அது உலகத்தில் வேறு எந்தத் தட்டிலும் கிடையாது, நீங்கள் அதைக் கேட்டது அந்த ஒரு வீட்டில், அந்த ஒரு மனிதரின் பக்கத்தில் மட்டும்தான். பாட்டு ஊருக்கே பொது, கீறல் உங்கள் வீட்டுக்கு மட்டும்.

எனக்கு இன்னொன்றும் நடக்கிறது. அதே பாட்டு எங்கேயாவது சுத்தமாக ஒலித்தால், சரணம் தொடங்கும் இடத்தில் காது அந்த 'டக்'குக்காகக் காத்திருக்கிறது, சில சமயம் கேட்டுவிட்ட மாதிரியே இருக்கிறது. 2005-இல் டேவிட் கிரேமர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பாட்டுகளின் நடுவில் சில துண்டுகளை வெட்டி மௌனமாக்கி, கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். தெரிந்த பாட்டாக இருந்தால் அந்த மௌனத்திலும் செவிப்புறணி, அதாவது மூளையில் சத்தத்தைக் கேட்கும் பகுதி, வேலை செய்தது. ஹிப்போகாம்பஸ் வேறு, இந்த இடம் வேறு, ஆனால் குணம் ஒன்றுதான், விட்டுப்போனதை மூளை தானே போட்டு நிரப்புகிறது.

இந்த நிரப்பல் தப்பாகவும் போகும். என் நினைவில் அந்தக் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் சொந்த அக்காவிடம் சொன்னேன். "சித்திக்குக் கல்யாணம் மாசியில, மாசியில ஏதுடே அப்படி மழை?" என்றாள். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆனால் மாசி இரண்டிலும் சேராது. அந்த மழை வேறொரு நாள் அதே அறையில் அதே தட்டைக் கேட்டபோது பெய்ததாகத்தான் இருக்க வேண்டும். மட்டிக்குலையும் மாமாவும் தட்டும் இரண்டு நாளுக்கும் பொதுவாக இருந்ததால் மடி இரண்டும் பின்னிக்கொண்டு ஒன்றாக வந்திருக்கிறது. எனக்கு இப்போதும் மழையோடுதான் வருகிறது.

அக்கா, தட்டுகளைப் படுக்கப்போட்டு அடுக்காதீர்கள், வளையும், நிறுத்தி வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் கவருக்குள் பூஞ்சை வரும், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்மையான துணியால் பள்ளம் போகும் திசையிலேயே துடையுங்கள். பெட்டியில் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு ஏதும் இருந்தால் அது அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். தட்டுகளைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைப்பது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் பதிந்து தருபவர்கள் சிலர் கேட்காமலே கரகரப்பை நீக்கிச் சுத்தம் செய்துவிடுவார்கள், மென்பொருளில் அது ஒரு பொத்தான். ஒரு 'டக்'கைக்கூட எடுக்க வேண்டாம் என்று தட்டைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.