ரத்தக் கழிச்சலின் ஏழு நாள் கணக்கு

வேலூர் மாவட்டம் கணியம்பாடிப் பக்கம் எங்கள் வீட்டில் அம்மா போன ஐப்பசியில் 30 நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கினார். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் அட்டையை வட்டமாக வளைத்துத் தடுப்பு கட்டி, நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு வளர்த்தார். மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. நான்காவது வாரம் ஒருநாள் காலையில் இரண்டு குஞ்சுகள் மட்டும் பல்புக்கு அடியில் இறக்கையைத் தொங்கப்போட்டு, உடம்பை உப்ப வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றன. கீழே பரப்பியிருந்த மல்லாட்டை (வேர்க்கடலை)த் தோலில் எச்சம் அங்கங்கே சிவப்பாகக் கிடந்தது. மறுநாள் விடிவதற்குள் ஐந்து குஞ்சுகள் போய்விட்டன.

ஊரில் யாரைக் கேட்டாலும் 'கழிச்சல்' என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் சம்பந்தமே இல்லாத இரண்டு நோய்கள் இருக்கின்றன. வெள்ளைக் கழிச்சல் என்பது ராணிக்கெட் நோய், வைரஸ் வேலை. எச்சம் வெள்ளையும் பச்சையுமாகப் போகும், மூச்சு இழுக்கும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். (சின்ன வயதில் இதை ராணிப்பேட்டை நோய் என்றே நினைத்திருந்தேன். ராணிக்கெட் இருப்பது வடக்கே குமாவுன் மலையில். நம் ராணிப்பேட்டைக்கு இதில் வேறு பங்கு உண்டு: 1932-இல் தொடங்கிய அங்குள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதற்கான தடுப்பூசியைத் தயாரிக்கிறது.) ரத்தக் கழிச்சல் வேறு. அது ஐமீரியா என்ற ஒரு செல் ஒட்டுண்ணியால் வருவது. காக்சிடியோசிஸ் என்று மருத்துவர் எழுதித் தருவது இதைத்தான்.

எச்சத்தைப் பார்த்ததும் பயந்துவிடவும் கூடாது. கோழிக்குக் குடலின் கடைசியில் இரண்டு குருட்டுக்குடல்கள் பை மாதிரி தொங்குகின்றன. அவை நாளுக்கு ஓரிரு முறை தனியாகக் காலியாகும். அப்போது வரும் எச்சம் சாக்லேட் நிறத்தில், களிம்பு மாதிரி, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு இருக்கும். அது நல்ல ஆரோக்கியத்தின் அடையாளம். புது ரத்தமோ கட்டிய ரத்தமோ கலந்திருந்து, குஞ்சின் கொண்டையும் காலும் வெளிறியிருந்தால்தான் விஷயம் வேறு. செத்த குஞ்சைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனால் அறுத்துக் காட்டுவார்கள். எங்களுக்குக் காட்டியதில் இரண்டு குருட்டுக்குடல்களும் ரத்தம் அடைத்து, விரல் தடிமனுக்குக் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தன. கோழியைத் தாக்கும் ஐமீரியா வகைகள் பல. அவற்றில் டெனெல்லா என்ற வகை குடியேறும் இடம் இந்தக் குருட்டுக்குடல்.

எச்சத்தோடு வெளியே வரும் ஐமீரியா முட்டைக்கூடு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50 வரிசையாக நிற்கிற அளவுதான். வெளியே வந்த உடனே அதனால் யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. அது முதிர வேண்டும். அதற்கு ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் வேண்டும். மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தயார். பல்பின் சூடும், தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து கிடக்கும் தோலும் சேர்ந்தால் அதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

முதிர்ந்த கூட்டைக் குஞ்சு கொத்தி விழுங்குகிறது. குழம்பில் கடித்தால் ரப்பர் மாதிரி இருக்குமே அந்த அரவைப்பை, அது கூட்டின் ஓட்டை நசுக்கி உடைக்கிறது. பிறகு பித்தநீரும் செரிமான நீரும் சேர்ந்து உள்ளே இருக்கிற எட்டு உயிரணுக்களை வெளியே கொண்டுவருகின்றன. கோழியின் சொந்தச் செரிமானமே எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. எட்டும் குடல் சுவரின் செல்லுக்குள் நுழைந்து பெருகுகின்றன. ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் ஆகிச் செல்லை வெடித்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த செல்களுக்குள் போகின்றன. இந்த இரண்டாம் தலைமுறை சுவரின் ஆழத்தில் வளரும். அது வெடிப்பது நாலாவது, ஐந்தாவது நாள் வாக்கில். ரத்தக்குழாய்கள் அறுபடுவது அப்போதுதான். ஏழாவது நாள் வாக்கில் புதிய முட்டைக்கூடுகள் எச்சத்தில் இறங்கும்.

அதாவது நாம் சிவப்பைப் பார்க்கிற நாளில் ஒட்டுண்ணி தன் வேலையை முக்கால்வாசி முடித்துவிட்டது. அந்த இரண்டு குஞ்சுகளுக்கு மருந்து கொடுப்பது ஏறக்குறைய தாமதம்தான். பக்கத்தில் துள்ளிக்கொண்டிருக்கிற மற்றவை இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ இருக்கும். மருந்து உண்மையில் அவற்றுக்கு. அதனால் ஒரு குஞ்சுக்கு வந்தாலும் மொத்தக் கூட்டத்துக்கும் கொடுக்க வேண்டும், அதுவும் தண்ணீரில். நோய் கண்ட குஞ்சு தீனியை நிறுத்திவிடும், தண்ணீரை மட்டும் குடிக்கும்.

பரவலாகக் கொடுப்பது ஆம்ப்ரோலியம். இது வேலை செய்யும் விதம் ஒரு நல்ல ஏமாற்று. பார்ப்பதற்கு வைட்டமின் பி1 மாதிரியே இருக்கும் மூலக்கூறு இது. ஐமீரியாவுக்குப் பெருகுவதற்கு பி1 நிறைய வேண்டும். உண்மையான பி1 நுழையும் வாசலில் இது போய் அடைத்துக்கொள்ள, ஒட்டுண்ணி பட்டினி கிடக்கிறது. கோழியின் செல்லில் உள்ள வாசல் இந்த ஏமாற்றுக்கு அவ்வளவு எளிதில் மசியாது, அதனால் குஞ்சு தப்பிக்கிறது. வழக்கமான அளவு 20 சதவீதத் தூளில் லிட்டருக்கு 0.6 கிராம், நோய் கடுமையாக இருந்தால் 1.2 கிராம், 3 முதல் 5 நாள். அப்புறம் லிட்டருக்கு 0.3 கிராமாகக் குறைத்து ஒன்றிரண்டு வாரம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. பாக்கெட்டில் சதவீதம் வேறாக இருந்தால் கணக்கும் மாறும், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. டோல்ட்ராசுரில் என்ற மருந்தும் உண்டு. அது ஒட்டுண்ணியின் பல பருவங்களையும் தாக்கும், இரண்டு நாள் கொடுத்தால் போதும்.

நாங்கள் செய்த தவறு இங்கேதான். மருந்து வாங்கிய கடையில் "குஞ்சு தெம்பா இருக்கும், இதையும் கலந்து குடுங்க" என்று ஒரு பி காம்ப்ளக்ஸ் டானிக்கையும் கொடுத்தார்கள். அம்மா இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்துவிட்டார். பி1-க்குப் பட்டினி போடும் மருந்தையும் பி1-ஐயும் சேர்த்து ஊற்றினால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. டானிக் வேண்டுமானால் ஆம்ப்ரோலியம் முடிந்த பிறகு. சிகிச்சை நேரத்தில் வைட்டமின் ஏ, கே கொடுக்கலாம். ரத்தம் உறையக் கே உதவும். குடற்புழு மருந்தும் இதற்குப் பயன்படாது. அது புழுவுக்கு, இது புழுவே இல்லை.

பாட்டி காலத்தில் ஏது இதெல்லாம் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. தாய்க்கோழியோடு களத்தில் மேய்கிற குஞ்சு இங்கே ஒன்று அங்கே ஒன்றாகச் சில முட்டைக்கூடுகளை விழுங்கும். அந்தக் கொஞ்சத்தில் உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். இந்த நோய்க்கான தடுப்பு மருந்தும் இதே தந்திரம்தான், உயிருள்ள கூடுகளைக் கொஞ்சமாகக் கொடுப்பது. அட்டை வட்டத்துக்குள் 30 குஞ்சுகளை அடைத்தால் கொஞ்சம் என்ற பேச்சே இல்லை, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் உள்ளே போகும்.

பினாயில், பிளீச்சிங் பவுடர் எதுவும் முட்டைக்கூட்டின் ஓட்டைத் துளைக்காது. அதைக் கொல்வது ஈரமில்லாத காய்வும் சூடும். இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்களுக்குக் குறையே இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் பழைய தோலை அள்ளி எரித்துவிட்டு, தரையைச் சுரண்டி, தட்டுமுட்டுகளைச் சித்திரை வெயிலில் ஒரு வாரம் காயப்போட்டோம். இப்போது தினமும் காலையில் அம்மா தண்ணீர்த் தட்டுக்குப் பக்கத்துத் தோலை ஒரு கை அள்ளிப் பிழிந்து பார்க்கிறார். பிடித்த உருண்டை உதிராமல் நின்றால் அந்த இடத்தை அள்ளி வெளியே போட்டுப் புதுத் தோல். தட்டு ஒரு செங்கல் மேல், குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கிறது. போன வாரம் இரண்டாவது செங்கல் வைத்தார்.