சங்கத்தின் பெயரில் இடையீட்டு மனு போடும் முன்

இறுதி விசாரணைக்கு முந்தின நாள் மாலை, ஒரு தொழில்முறைச் சங்கத்தின் நிர்வாகிகள் நான்கு பேர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர்கள் துறையைச் சேர்ந்த ஒருவருக்கு எதிரான தீர்ப்பு மேல்முறையீட்டில் இருந்தது. "எங்களையும் பார்ட்டியா சேர்த்துடுங்க சார்" என்றார்கள். கையில் ஐம்பது பக்க வரைவு; மேல்முறையீட்டாளர் ஏற்கெனவே சொன்னதையே திரும்ப டைப் அடித்திருந்தார்கள். தட்ட முடியாமல் தாக்கல் செய்தேன். மறுநாள் நீதிபதி கேட்டது ஒரே கேள்வி: "இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. மனு தள்ளுபடி.

தரப்பினராகச் சேர்வது வேறு, தரப்பினர் ஆகாமல் கருத்து மட்டும் சொல்ல இடையீடு செய்வது வேறு. முதலாவதற்கு சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஆர்டர் 1 ரூல் 10 இருக்கிறது. சங்கங்களுக்குப் பெரும்பாலும் பொருந்துவது, 1976 திருத்தத்தில் நுழைந்த ரூல் 8ஏ. வழக்கில் எழும் சட்டக் கேள்வியில் அக்கறை உள்ள அமைப்பு, பொதுநலனுக்கு அவசியம் என்று நீதிமன்றம் கருதினால், தன் கருத்தைச் சொல்லலாம். மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் பிரிவு 107 வழியாக அந்த அதிகாரம் உண்டு. 'எங்கள் உறுப்பினர் நல்லவர்' என்பது சட்டக் கேள்வி இல்லை.

அப்படியானால் எது? இங்கிலாந்தில் புருடென்ஷியல் நிறுவனம் கணக்காளர்களிடம் வரி ஆலோசனை பெற்றது. அந்தக் கடிதங்களை வரித்துறை கேட்டபோது தர மறுத்தது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் பேசியதற்குள்ள ரகசியக் காப்பு கணக்காளர் சொன்ன சட்ட ஆலோசனைக்கும் உண்டா என்பதுதான் வழக்கு. கணக்காளர் அமைப்பும் வழக்கறிஞர் அமைப்புகளும் இடையீடு செய்தன. அவரவர் தொழில் எப்படி நடக்கிறது என்பதை அவர்களைவிட யார் சொல்ல முடியும்? 2013இல் உச்ச நீதிமன்றம் 5-2 என்ற கணக்கில், அதை நாடாளுமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றது. கணக்காளர்கள் தோற்றார்கள், ஆனால் வீண் மனு என்று யாரும் சொல்ல முடியாது.

சில சமயம் இடையீடு போதாது. இந்தியாவில் வழக்கறிஞர் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. ஒரு கட்சிக்காரருக்கும் அவருடைய வக்கீலுக்கும் நடந்த தகராறு அது. வழக்கில் இல்லாத பார் கவுன்சிலும் வழக்கறிஞர் சங்கங்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. இப்படி வெளியே இருப்பவர் மேல்முறையீடு செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். 2009இல் தடை, 2024 மே 14 அன்று வழக்கறிஞர்களுக்குச் சாதகமான தீர்ப்பு. 1995இல் மருத்துவர் சேவை பற்றிய இதே கேள்வியில் இந்திய மருத்துவச் சங்கம் தோற்றிருந்தது. டாக்டர் நண்பர்கள் இன்னும் என்னைக் குத்திக்காட்டுகிறார்கள். பதில் சொல்லக் கொஞ்சம் கஷ்டம்தான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். செயற்குழுத் தீர்மானம் இல்லாமல் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டால், எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும். மேல்முறையீட்டாளரே உங்கள் பொருளாளர் என்றால் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். இடையீட்டாளர் தனக்கென்று பரிகாரம் கேட்க முடியாது.

அந்த நால்வரில் ஒருவர் போன மாதம் வேறொரு வழக்குக்காக வந்தார். விசாரணைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது, வரைவு ஒன்பதே பக்கம். தீர்மான நகலைத்தான் இன்னும் கொண்டுவரவில்லை.