இன்சுலின் சிரிஞ்சின் மூடி என்ன நிறம்?

செவிலியர் படிப்பில் மருந்தளவுக் கணக்குக்கு ஒரு சூத்திரம் உண்டு. கொடுக்க வேண்டிய அளவைக் கையில் இருக்கும் மருந்தின் அளவால் வகுத்து, அது கரைந்திருக்கும் மில்லி லிட்டரால் பெருக்க வேண்டும். முதலாண்டு மாணவியரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவார்கள். நான் அந்தச் சூத்திரத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவதில்லை. இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகளை மேசைமேல் வைத்து, மூடியின் நிறத்தைக் கேட்டுத் தொடங்குகிறேன்.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட். இன்சுலின் செலுத்தும் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் (சிறு மருந்துக் குழலில்) 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100-க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. பேனா பழுதாகிவிட்டது என்று ஒருவர் கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிரிஞ்சுக்குள் வருவது அரை மில்லி லிட்டர். அதில் இருப்பதோ 50 யூனிட். எழுதப்பட்டதைப் போல இரண்டரை மடங்கு! சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி நோயாளிக்கு வியர்த்துக் கொட்டும், பேச்சுக் குழறும், கவனிக்க ஆள் இல்லாவிட்டால் நினைவும் தப்பும்.

தலைகீழாக நடப்பதும் உண்டு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்று இழுத்தால் கிடைப்பது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது. மருந்து போதவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டுவார். பிறகு ஒரு நாள் சரியான சிரிஞ்ச் வார்டுக்கு வந்து சேரும். கூட்டிய அளவு முழுவதும் அன்று உடம்பில் இறங்கும். இந்த இரண்டிலும் யாரும் வகுத்தலில் தவறவில்லை என்பதை மாணவியர் உணரும்வரை நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.

குழந்தைகள் வார்டுக்குப் போகும் முன் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லி கிராம் என்றால் 150 மில்லி கிராம். இதில் யாருக்கும் சிரமமில்லை. ஆனால் 5 மில்லி லிட்டரில் 125 மில்லி கிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி லிட்டர். 250 உள்ள சிரப் என்றால் 3. சொட்டு மருந்தில் ஒரு மில்லி லிட்டரிலேயே 100 மில்லி கிராம் இருப்பதால் ஒன்றரைதான். மூன்று பாட்டில்களிலும் ஒரே மருந்தின் பெயர். சொட்டு மருந்தை எடுத்து 6 மில்லி லிட்டர் ஊற்றிவிட்டால் குழந்தையின் வயிற்றுக்குள் 600 மில்லி கிராம் போகும். "பாராசிட்டமால் ஆறு மில்லி" என்று வாய்மொழியாகச் சொல்வதை என் மாணவியரிடம் நான் அனுமதிப்பதே இல்லை. மில்லி கிராமையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாயிடம் சொல்லி அனுப்பும்போது இன்னும் கவனமாக, பாட்டிலைக் காட்டி, அளவுக் குவளையில் கோட்டைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

கணக்கைப் போடுவதற்கு முன்பே விடை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஊகிக்கப் பழக்குவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஒரு ஆம்பூலுக்குள், அதாவது கழுத்தை உடைத்து மருந்தெடுக்கும் சிறு குப்பிக்குள், அடங்குமா, அடங்காதா? பாதியா, அதற்கும் குறைவா? ஒரு வேளைக்கு மூன்று நான்கு ஆம்பூல்களை உடைக்கச் சொல்கிறது கணக்கு என்றால் கை நின்றுவிட வேண்டும். பிரசவ வார்டில் மக்னீசியம் சல்பேட் இதற்கு நியாயமான விதிவிலக்கு. 50 சதவீதம் என்று லேபிளில் இருந்தால் 100 மில்லி லிட்டரில் 50 கிராம். 2 மில்லி லிட்டர் ஆம்பூலில் 1 கிராம். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு முதலில் சிரை (ரத்தக்குழாய்) வழியே 4 கிராம் என்றால் நான்கு ஆம்பூல்கள், அதாவது 8 மில்லி லிட்டர். அதோடு 12 மில்லி லிட்டர் ஊசி நீர் சேர்த்து 20 சதவீதமாக்கி மெதுவாகச் செலுத்துகிறோம். ஆகவே கை நிற்பது மறுப்பதற்காக அல்ல, இன்னொரு முறை பார்ப்பதற்காக. இந்த மருந்தில் கணக்கு சரியாக வந்தாலும் வேலை முடிவதில்லை. அடுத்த டோஸுக்கு முன் முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் தானாக உதறும் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லி லிட்டராவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட் கட்டிலருகே இருக்க வேண்டும்.

எழுத்தில் வரும் விபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 0.5 என்பதை .5 என்று எழுதினால் புள்ளி மங்கிப்போய் 5 ஆகிவிடும். 5.0 என்று எழுதினால் 50 ஆகத் தெரியும். யூனிட் என்பதற்கு U என்ற ஆங்கில எழுத்தை மட்டும் கிறுக்கினால் அது சுழியமாகிப் பத்து மடங்கு கூடும். 2007-இல் அமெரிக்க நடிகர் டென்னிஸ் குவைடின் பச்சிளம் இரட்டையருக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் என்ற மருந்தில், ஒரு மில்லி லிட்டருக்கு 10 யூனிட் உள்ளதற்குப் பதிலாக 10,000 யூனிட் ஹெபாரின் போனது. குழந்தைகள் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு குப்பிகளின் லேபிளும் நீல நிறத்தில் ஒத்திருந்தன. நம் அலமாரிகளிலும் 1,000 யூனிட் ஹெபாரினும் 5,000 யூனிட் ஹெபாரினும் ஒரே அளவுக் குப்பியில்தான் நிற்கின்றன. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் ஊசி நீர் ஆம்பூலின் பக்கத்தில் இருக்கவே கூடாது. அதை நீர்க்காமல் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இதில் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

தொலைபேசியில் மருத்துவர் சொல்லும் அளவை எழுதிக்கொண்டு திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் இரைச்சலில் ஒன்றாகவே கேட்கும். "ஒன்று, ஐந்து" என்று இலக்கமாகச் சொல்லிக் காட்டினால் எந்த மருத்துவரும் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் சொல்ல வேண்டும்.

இருவர் சரிபார்ப்பது என்ற வழக்கம் பல வார்டுகளில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. "சிஸ்டர், ரெண்டு மில்லிதானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதில்தான் வரும். விடையைச் சொல்லாமல், "சிஸ்டர், நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள்" என்று கேஸ் ஷீட்டையும் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்புத் தாளையும்) குப்பியையும் நீட்ட வேண்டும். மூத்தவரிடம் இப்படிக் கேட்க மாணவிக்குத் தயக்கமாகத்தான் இருக்கும். அந்தத் தயக்கத்தைப் போக்குவது ஆசிரியரான எங்கள் கடமை, அந்தப் பெண்ணின் குறை அல்ல. "இதுகூடத் தெரியாதா?" என்று நோயாளியின் முன் ஒருமுறை கேட்டுவிட்டால் அவள் பிறகு எதையும் கேட்க மாட்டாள். நேரவிருந்த தவறு ஒன்றைத் தானே வந்து சொன்ன மாணவிக்குத் தண்டனை கொடுக்கும் கல்லூரியில் அடுத்த தவறு வெளியே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்தால் வரும் தவிர்க்கக்கூடிய கடுந்தீங்கை ஐந்தாண்டுகளில் பாதியாக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அச்சத்தில் வாய் மூடிய வார்டில் அந்த இலக்குக்கு வேலையே இல்லை.

தேர்வு முறை குறித்து ஒரு கோரிக்கை. வினாத்தாளில் "5 மில்லி லிட்டரில் 500 மில்லி கிராம் உள்ளது" என்று அச்சடித்தே கொடுத்துவிடுகிறோம். வார்டில் அப்படி யாரும் அச்சடித்துத் தருவதில்லை. தொகுதி எண், விலை, காலாவதித் தேதி எல்லாவற்றுக்கும் நடுவே பொடி எழுத்தில் இருக்கும் அந்த ஓர் எண்ணை மாணவி தானே தேடிப் பிடிக்க வேண்டும். ஆகவே செய்முறைத் தேர்வில் உண்மையான மருந்துப் பெட்டிகளையும் கையால் எழுதிய கேஸ் ஷீட்டையும் வையுங்கள். ஒரே மருந்தின் இரண்டு வலிமைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எண்ணைக் கண்டுபிடித்ததற்கும், விடையை முன்கூட்டியே ஊகித்ததற்கும், சந்தேகம் வந்தபோது நிறுத்திக் கேட்டதற்கும் தனித்தனியே மதிப்பெண் போடுங்கள்.