டப்பாவுக்குள் மடித்து வைத்த தாள்

ஒரு சனிக்கிழமை இரவு எட்டரை மணி. பார்லரைப் பூட்டப் போகும் நேரத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தன் அத்தை மகளை அழைத்து வந்தாள். வந்தவள் தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். விலக்கிப் பார்த்தால் உச்சியில் நாணய அளவுக்கு இரண்டு புண்கள், அதன் மேல் தேங்காய் எண்ணெய். ஈர முடியை விரலில் பிடித்து லேசாக இழுத்தேன். ரப்பர் போல நீண்டு அறுந்தது.

அழைத்து வந்த பெண் மூன்று மாத கோர்ஸ் முடித்தவள், கையில் சான்றிதழ் இருக்கிறது. அவள் சொன்னது ஒன்றுதான். "வீடியோல வந்த மாதிரியேதான் அக்கா பண்ணேன்."

இரண்டு பேரையும் நேராகத் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, அவள் சொன்ன வீடியோவை உட்கார்ந்து பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. அதில் இருந்தபடியேதான் செய்திருக்கிறாள். இந்த வருடத்தில் என்னிடம் இப்படி வந்து நிற்பவர்களில் இவள் நான்காவது. நான்கு பேரும் பயிற்சி பெற்ற பெண்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முடியை ப்ளீச் செய்து, அதாவது நிறத்தை வெளுக்கவைத்து, தேன் நிறமாக்கும் அந்த வீடியோ ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. ப்ளீச் பவுடர், அதோடு சேர்க்கும் டெவலப்பர் என்ற திரவம், கலக்கல், ஃபாயில், அலசல், தேன் நிற முடி. உண்மையில் அந்த வேலைக்கு நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கும். ஒரே நாளில் முடிந்ததா, இரண்டு மூன்று முறை வரவழைத்துச் செய்ததா என்பதுகூடத் தெரியாது. அந்த முடியில் அதற்கு முன் எதுவுமே படாமல் இருந்ததா? டெவலப்பர் எத்தனை வால்யூம், அதாவது எவ்வளவு வீரியம்? ஃபாயிலை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தார்கள்? எதுவும் இல்லை. கெமிக்கல் வேலையில் மருந்துக்குச் சமமான பங்கு நேரத்துக்கு உண்டு. வீடியோவில் முதலில் வெட்டி எறிவது அந்த நேரத்தைத்தான். கைகள் செய்வதை நூறு முறை பார்த்தாலும், கைகள் சும்மா இருந்த நாற்பது நிமிடத்தில் என்ன கவனித்தார்கள் என்பது உங்களுக்கு வராது.

"தியரி பரிட்சைக்கு, வேலைக்கு வீடியோ போதும்" என்று மாணவிகள் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. சடை பின்ன வீடியோ போதும். ப்ளோ டிரை செய்யும்போது மணிக்கட்டை எப்படித் திருப்புவது, ஹேர்கட்டுக்கு செக்ஷன் எப்படிப் பிரிப்பது, கத்தரியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, இதையெல்லாம் நானே பார்த்துக் கற்றிருக்கிறேன். தாராளமாகப் பாருங்கள், அதுவும் வெட்டாத நீள வீடியோவாகப் பாருங்கள். ஆனால் தலைத்தோலில் மருந்து படும் எந்த வேலைக்கும் முதல் பாடப்புத்தகம் அந்த டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள். அத்தை மகளுக்குப் போட்ட டெவலப்பர் 40 வால்யூம், அதாவது 12 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு. 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9. எண் கூடினால் கலர் சீக்கிரம் வரும் என்று அவள் நினைத்திருக்கிறாள். தலைத்தோலை ஒட்டி 40 வால்யூம் ப்ளீச் போடாதே என்று பெரும்பாலான கம்பெனிகள் அந்தத் தாளில் எழுதியே வைக்கின்றன. அந்தத் தாள் அவள் வீட்டுக் குப்பைக் கூடையில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

வேர்ப் பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உடல் சூட்டில் ப்ளீச் வேகமாக வேலை செய்யும். அதனால் நடுமுடியையும் நுனியையும் முடித்துவிட்டு வேரைக் கடைசியில் தொடவேண்டும். வீடியோவில் வேரிலிருந்து ஆரம்பித்தார்கள், பார்க்க அழகாக இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று நடந்திருக்கிறது. அத்தை மகள் மூன்று வருடமாகப் பாக்கெட் மெஹந்தி வைத்துக்கொண்டிருந்தாள். அரைத்த மருதாணி இலை செம்பழுப்பு நிறம்தான் தரும். ஒரு பாக்கெட் கருப்பு நிறம் தருகிறது என்றால் அதில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. ஹேர் டையில் கருப்பு நிறத்துக்காகச் சேர்க்கும் பாரா ஃபினைலின் டையமின் என்ற ரசாயனம், சுருக்கமாக பிபிடி, இருக்கலாம். உலோக உப்புகளும் இருக்கலாம். உலோக உப்பு ஊறிய முடியில் பெராக்சைடு பட்டால் சூடேறும், முடி வெந்துபோகும். ஃபாயில் கையில் தொட முடியாத அளவுக்குச் சுட்டது என்று அந்தப் பெண்ணே சொன்னாள். சூடு வந்தால் கலர் பிடிக்கிறது என்று நினைத்துக் காத்திருக்கிறாள்.

தங்கைகளே, வாடிக்கையாளரிடம் "டை போட்டிருக்கீங்களா?" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கு மெஹந்தி டை கிடையாது. "நரைக்கு என்ன வைப்பீங்க? பாக்கெட் பேர் என்ன?" என்று கேளுங்கள். போன மாதக் கதை போதாது. முடி மாதம் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். 30 சென்டிமீட்டர் முடியின் நுனிக்கு இரண்டு வயது. அந்த இரண்டு வருடமும் தெரியவேண்டும். அப்படியும் சந்தேகமா? காது பின்னாலிருந்து நாலு முடி வெட்டி, கலந்த மருந்தைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி அதில் போட்டுப் பாருங்கள். சூடேறினாலோ, நுரைத்தாலோ, முடி பிய்ந்தாலோ அன்றைக்கு அந்தத் தலையைத் தொடக்கூடாது. ஸ்ட்ராண்ட் டெஸ்ட் என்பது அவ்வளவுதான்.

டை தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டைப் பற்றிச் சொன்னால் "பத்து வருஷமா போடுறாங்க அக்கா, ஒண்ணும் ஆனதில்லை" என்கிறார்கள். பத்து வருடம் ஒத்துக்கொண்ட உடம்பு பதினோராவது வருடம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிபிடி அலர்ஜி அப்படித்தான் வரும். கல்யாணத்துக்குக் கையில் கருப்பு மெஹந்தி வைத்துக் கொப்புளம் வந்தவர்களுக்குத் தலையில் டை போட்டால் முகமே வீங்கலாம். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்க்கவேண்டும்.

ஹேர் டையைப் புருவத்துக்குப் போடுகிறார்களே, அதை எங்கே படித்தார்கள்? இமைக்கும் புருவத்துக்கும் பயன்படுத்தினால் பார்வை போகலாம் என்று பிபிடி கலந்த டை டப்பாவில் எச்சரிக்கை அச்சடிக்கவேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். அது அலங்காரத்துக்கு எழுதிய வரி இல்லை. 1930-களில் அமெரிக்காவில் பிபிடி கலந்த இமைச் சாயம் பூசிக்கொண்ட பெண்கள் பார்வை இழந்தார்கள், ஒருவருக்கு உயிரும் போனது. 1938-இல் அங்கே அழகுசாதனப் பொருள்களையும் சட்டத்துக்குள் கொண்டுவந்ததற்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

சரி, எதைப் படிப்பது? பணம் கட்டித்தான் படிக்கவேண்டும் என்பதில்லை. ஐடிஐ-களில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் பிரிவாக இருக்கிறது. அதற்கான தியரி, பிராக்டிகல் புத்தகங்களைத் தயாரிப்பது நம் சென்னை கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் நிமி நிறுவனம். பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் அந்தப் புத்தகங்களையும் கேள்வித் தொகுப்புகளையும் இலவசமாகப் பார்க்கலாம். ஐடிஐ-யில் சேராதவர்களும் படிக்கலாம். முடியின் அமைப்பு, கிருமி நீக்கம், ரசாயனம் எல்லாம் வரிசையாக வரும். படங்கள் பளபளப்பாக இருக்காது, பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நாளைக்கு நாலு பக்கம் படியுங்கள்.

தனியார் கோர்ஸில் சேர்க்கப்போகும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டார் ஸ்கில் கவுன்சில், அசிஸ்டன்ட் ஹேர் ஸ்டைலிஸ்ட், ஹேர் ஸ்டைலிஸ்ட், பியூட்டி தெரபிஸ்ட் என்று ஒவ்வொரு வேலைக்கும் என்னென்ன தெரிந்திருக்கவேண்டும் என்று குவாலிஃபிகேஷன் பேக் வெளியிட்டிருக்கிறது. உங்கள் கோர்ஸ் எந்தப் பேக்கின்படி நடக்கிறது என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் ஃபீஸ் கட்டாதீர்கள். பழகுவதற்கான டம்மித் தலை ஒன்றை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

டம்மி வாங்குபவர்கள் கவனிக்க: செயற்கை முடி டம்மி பின்னலுக்கும் கொண்டைக்கும் மட்டும்தான். கலர் ஏறாது, அயர்ன் வைத்தால் உருகும். கெமிக்கல் பழக மனித முடி வேண்டும். அதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. பெரிய பார்லர்களில் நீளமாக வெட்டி விழும் முடியைக் கேட்டு வாங்குங்கள். கட்டுக் கட்டாக நூலால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு கட்டிலும் ஒரு வால்யூம், ஒரு நேரம் என்று போட்டுப் பார்த்து, நோட்டில் ஒட்டிப் பக்கத்தில் நிமிடத்தை எழுதுங்கள். என் ஆரம்ப வருடங்களில் நான் அதிகம் கற்றது அப்படிப்பட்ட ஒரு நோட்டிலிருந்துதான்.

பொருளின் உட்பொருள் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள். வீடியோக்காரர்கள் எல்லாவற்றையும் "ஸ்ட்ரெய்ட்டனிங்" என்று ஒரே பெயரில் சொல்வார்கள். ரீபாண்டிங் க்ரீமில் பெரும்பாலும் அமோனியம் தயோகிளைகோலேட், சில ரிலாக்ஸரில் சோடியம் ஹைட்ராக்சைடு. ஒன்று செய்த முடியில் இன்னொன்றைப் போட்டால் முடி கையோடு வந்துவிடும். "கெரட்டின்" என்று விற்கும் சிலவற்றில் மெத்திலீன் கிளைக்கால் இருக்கும். அயர்ன் சூட்டில் அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கிளம்பும், அது புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. கண் எரிகிறதென்றால் நிறுத்திவிட்டுக் கதவைத் திறங்கள். தினம் அந்தப் புகையில் நிற்கப்போவது வாடிக்கையாளர் இல்லை, நீங்கள். இன்னொன்று, யூவி பெட்டிக்குள் சீப்பை வைத்தால் சுத்தமாகிவிடாது. கழுவி, கிருமிநாசினியில் ஊறவைத்த பிறகுதான் அந்தப் பெட்டி.

எரிச்சல் என்று வாடிக்கையாளர் சொன்ன நொடியில் அலசுங்கள். குளிர்ந்த ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது விடாமல் அலசவேண்டும். எண்ணெய், தயிர், பற்பசை எதுவும் வேண்டாம். அப்புறம் மருத்துவர், டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள்.

அந்தப் பெண் இப்போது செவ்வாய்தோறும் என்னிடம் வருகிறாள். ஆறு கட்டு முடியும் ஒரு கோடு போட்ட நோட்டும் கொடுத்திருக்கிறேன். அத்தை மகளுக்குப் புண் ஆறுகிறது, முடியைக் காது வரை வெட்டவேண்டியிருந்தது. அவளுக்கு ஆவணியில் கல்யாணம்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது வரும் ஞாயிறு காலை கலர் புக்கிங் இருந்தால், பேட்ச் டெஸ்ட் வெள்ளி காலைக்குள் வைத்தாகவேண்டும். அவருக்கு இப்போதே போன் செய்து வரச் சொல்லுங்கள்.