ஃபைவ்ஸ் ஆடுகிறீர்களா? கணுக்காலையும் முழங்காலையும் முதலில் கவனியுங்கள்

கால்பந்தில் பதினொரு பேர் ஆடும் முழு மைதானத்துக்குத்தான் உடம்பைத் தயார் செய்ய வேண்டும், சின்ன இடத்தில் அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஃபைவ்ஸ் என்றால் வேலை முடிந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு அப்படியே இறங்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். காயத்தோடு பிசியோதெரபிக்கு வருபவர்கள் வழக்கமாகச் சொல்வது இது: "சின்ன கிரவுண்டுதான் சார், பெருசா ஓடவே இல்லை." கால் போவது பெரும்பாலும் ஓடும்போது இல்லை. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதும் திரும்பும்போதும்தான்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 105க்கு 68 மீட்டர் முழு மைதானத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். 22 பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 325. கெட்டித்தளத்தில் ஐவர் ஐவராக ஆடும் ஃபுட்சாலின் 40க்கு 20 மீட்டர் தளத்தில் பத்துப் பேர் ஆடினால் ஆளுக்கு 80தான். 30க்கு 18 மீட்டர் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தளத்தில், அதே பத்துப் பேர் இறங்கினால் 54. இவ்வளவு குறுகிய இடத்தில் யாராலும் முழு வேகம் எடுக்க முடியாது. நாலைந்து அடி பாய வேண்டும், நிற்க வேண்டும், இடுப்பைத் திருப்பி மறுபக்கம் பாய வேண்டும். பந்தும் அடிக்கடி காலுக்கு வரும், மூச்சுவிட நேரம் இருக்காது. வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. தசைக்கு மிகவும் கடினமான வேலை அது. வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த கால்களிடம் ஒரு மணி நேரத்தில் இதைப் பல நூறு தடவை கேட்கிறோம்.

இடம் எவ்வளவு பிடிக்கிறோம், எத்தனை பேர் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து காயத்தின் வகையும் மாறும். செவன்ஸ், நைன்ஸ் என்று தளம் நீளும்போது முழு வேக ஓட்டம் கூடும், பின்தொடைத் தசை கிழிவது அதிகமாகும். மூவருக்கு மூவர், நால்வருக்கு நால்வர் என்று சுருங்கும்போது தொடை இடுக்கு, கணுக்கால், முழங்கால் பக்கம் பாரம் போகும். செவன்ஸ் ஆடிப் பழகியவர் ஃபைவ்ஸுக்கு மாறும் முதல் சில வாரங்களில் தொடை இடுக்கு வலிக்கிறது என்று வருவது இதனால்தான்.

கணுக்காலும் ஸ்டட்டும்

பாதத்தை ஊன்றித் திரும்பும் அந்த நொடியைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். உடம்பு சுழல்கிறது, அதோடு பூட்ஸும் தரையில் லேசாக வழுக்கிச் சுழல வேண்டும். இயற்கைப் புல்லுக்கான நீளமான, கத்தி போன்ற ஸ்டட் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனை) உள்ள பூட்ஸைச் செயற்கைப் புல்லில் போட்டால் அது நார்களுக்குள் குத்தி நின்றுவிடும். பாதம் நின்ற இடத்திலேயே இருக்க, அதற்கு மேலே உள்ள கால் முழுதும் திரும்பும். அந்த முறுக்கு கணுக்காலுக்கோ முழங்காலுக்கோ போய்ச் சேர வேண்டும், வேறு வழியில்லை. குறுகிய, குட்டைப் புல் உள்ள டர்ஃபுக்கு அடிப்பாகம் முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் உள்ள டர்ஃப் ஷூ போதும். ரப்பர் துகள் தூவிய நீளப் புல்லுக்கு, அதற்கென்றே விற்கும் குட்டையான, வட்டமான ஸ்டட் உள்ள பூட் நல்லது. உள்ளரங்க மரத்தளத்துக்குத் தட்டையான ரப்பர் அடி. மூன்று தளத்துக்கும் ஒரே பூட் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அடியிலுள்ள ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டதா என்று மாதம் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

கால் உள்பக்கமாக மடங்கிச் சுளுக்கினால் வெளிக்கணுவுக்கு முன்னால் உள்ள ஜவ்வுதான் முதலில் அடிவாங்கும். எக்ஸ்ரே வேண்டுமா என்று முடிவெடுக்க மருத்துவர்கள் ஒட்டாவா விதியைப் பயன்படுத்துகிறார்கள். உள்கணு, வெளிக்கணு இரண்டில் ஏதாவது ஒன்றின் நுனியிலோ, அதற்கு மேலே 6 செ.மீ. வரை பின்விளிம்பிலோ எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்கப் பாத வளைவின் மேலுள்ள எலும்பிலோ வலி இருக்கிறதா? அடிபட்டவுடனும், பிறகு மருத்துவர் பார்க்கும்போதும் நான்கு அடி நடக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் படம் எடுக்க வேண்டும். "நடந்துட்டேன், அதனால எலும்பு உடையல" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

படத்தில் ஒன்றும் இல்லை என்றதும் பத்து நாளில் திரும்ப இறங்குவதுதான் பெரிய தவறு. வீக்கம் வடிந்துவிடும். ஆனால் கணுக்கால் சாய்வதை நொடிக்குள் உணர்ந்து சரிசெய்யும் நரம்பு அனிச்சை அதற்குள் திரும்பாது. அதே கால் மறுபடி மறுபடி சுளுக்குவது அதனால்தான். தினமும் ஒற்றைக் காலில் 30 நொடி, மூன்று தடவை நில்லுங்கள். எளிதானதும் கண்ணை மூடி நில்லுங்கள், பிறகு யாராவது பந்தைத் தூக்கிப் போட அதைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள். அடிபட்ட காலில் இருபது முறை குதிகாலைத் தூக்கி இறக்க முடிய வேண்டும், மற்ற கால் அளவுக்கு ஒற்றைக் காலில் தாவ முடிய வேண்டும். அதுவரை ஆட்டம் வேண்டாம். திரும்ப இறங்கிய பிறகு சில மாதம் கணுக்கால் பிரேஸ் போட்டு ஆடினால் மறுசுளுக்கு கணிசமாகக் குறையும். டேப் சுற்றுபவர்கள் அது ஆட்டத்தின் நடுவிலேயே தளர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

முழங்காலில் பயப்பட வேண்டியது ஏசிஎல் ஜவ்வு, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள் பிணைப்பது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலேயே கிழியும். "டப்" என்று ஒரு சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், படி இறங்கும்போது கால் நழுவுவதுபோல ஓர் உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் எண்ணெய் தேய்த்து உருவி நாள் கடத்தாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். கிழிந்த ஜவ்வோடு ஆடினால் அடுத்தது உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் திண்டுகள் சிதையும்.

ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம்

ஒரு மணி நேரத்துக்கு இடம் பிடித்திருக்கிறோம், அதில் வார்ம்-அப்புக்கு நேரத்தைக் கரைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. கோலில் நாலு ஷாட் அடிப்பதைத்தான் வார்ம்-அப் என்கிறார்கள். குளிர்ந்த தொடை இடுக்கைக் கிழிக்க அதைவிடச் சிறந்த வழி கிடையாது. காயத்தைத் தடுக்கவென்றே உள்ள ஃபிஃபாவின் 11 பிளஸ் வார்ம்-அப் பயிற்சியில் 15 உடற்பயிற்சிகள் உண்டு, மொத்தம் சுமார் 20 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் செய்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், இதைச் செய்த அணிகளில் ஒட்டுமொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன.

முழுதாகச் செய்ய முடியாவிட்டால் பத்து நிமிடமாவது கொடுங்கள். இடம் திறப்பதற்கு முன்பே வெளியில் நின்று செய்யலாம். மூன்று நிமிடம் மெதுவோட்டம், அதில் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் ஓடுங்கள். முட்டியைத் தூக்கி இடுப்பை வெளியே திறந்து மூடுவது ஒரு பக்கத்துக்கு எட்டு. ஸ்குவாட் பத்து. பிறகு கோபன்ஹேகன் பயிற்சி: பக்கவாட்டில் முழங்கை ஊன்றிப் படுங்கள், மேல்காலைத் துணையாள் இடுப்பளவில் பிடித்துக்கொள்ள, கீழ்க்காலைத் தூக்கி மேல்காலோடு சேர்த்து இறக்குங்கள். பக்கத்துக்கு ஐந்து போதும். தொடை இடுக்கைக் காப்பாற்ற இதற்கு இணையாக எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அடுத்து குதித்து இறங்குவது ஆறு முறை. இறங்கும்போது முட்டி உள்பக்கம் சரியாமல் பாதத்துக்கு நேரே இருக்கிறதா என்று எதிரில் நிற்பவர் பார்க்கட்டும். கடைசியாக, பத்து மீட்டர் ஓடி நின்று திரும்பும் ஓட்டம் நான்கு, முக்கால் வேகத்தில். நெடுநேரம் தசையை இழுத்துப் பிடிக்கும் நீட்டல்களை ஆட்டம் முடிந்த பிறகுக்கு வையுங்கள். முன்னால் செய்தால் தசையின் வீரியம் கொஞ்ச நேரம் குறையும்.

பந்தும் காயத்தோடு சம்பந்தப்பட்டதே. 1930-ல் உருகுவேயின் மோன்டேவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி தொடங்கிவைத்த ஃபுட்சாலுக்குத் தனிப் பந்து உண்டு: சுற்றளவு 62–64 செ.மீ., எடை 400–440 கிராம், 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளல் 50 முதல் 65 செ.மீ. மட்டும். கெட்டித்தளத்தில் வழக்கமான ஐந்தாம் எண் பந்தை வைத்து ஆடினால் அது மார்புவரை எழும்பும், அதை எடுக்க எல்லோரும் காலை உயர்த்துவார்கள், கால் இன்னொருவர் தொடையிலும் முகத்திலும் படும். ஃபுட்சாலில் ஒரு பாதியில் ஆறாவது தவறிலிருந்து தடுப்புச்சுவர் இல்லாத நேரடி உதை உண்டு. நட்பு ஆட்டத்திலும் இந்தத் தவறு எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள், முரட்டு டேக்கிள் தானாகக் குறையும். மணலில் ஆடும் பீச் சாக்கரில் காலணி கிடையாது. தளம் மென்மை என்றாலும் கெண்டைக்கால் சீக்கிரம் சோரும், 12 நிமிடம் வீதம் மூன்று பகுதியாக ஆடுவதால் இடைவெளியை விட்டுவிடாதீர்கள்.

கோல்கீப்பர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கு 72 கி.மீ. வேகப் பந்து 6 மீட்டர் தூரத்தை 0.3 நொடியில் கடக்கும். விரல் நுனியில் பட்டு நுனி மூட்டு தொங்கி, தானாக நிமிர மறுத்தால் அது வெறும் "விரல் சுளுக்கு" அல்ல, நிமிர்த்தும் தசைநார் அறுந்திருக்கிறது. ஸ்பிளின்ட் போட்டு 6 முதல் 8 வாரம் இடைவிடாமல் நேராக வைக்க வேண்டும். குளிக்கும்போது கழற்றி ஒரு தடவை மடக்கினாலும் நாள் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். சுவரோ வலையோ சூழ்ந்த தளங்களில் கையை ஊன்றி விழுபவர்களுக்கு இன்னொன்று: கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் தெரியும் குழியில் அழுத்தும்போது வலித்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் விடாதீர்கள். மணிக்கட்டிலுள்ள ஸ்கேஃபாய்டு எலும்பின் முறிவு ஆரம்பத்தில் தெரியாமல் போகும். பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி படமோ ஸ்கேனோ தேவைப்படும்.

நகர்த்தும் கோல்போஸ்ட்டைத் தரையில் கட்டாமல் ஆடாதீர்கள். பிள்ளைகள் குறுக்குக் கம்பியில் தொங்கினால் அது முன்னால் கவிழும், இதில் உயிரே போயிருக்கிறது.

நாற்பதைத் தாண்டி, பல வருடம் கழித்துத் திரும்ப ஆட வருபவர்களுக்கு வாக்கிங் ஃபுட்பால் நல்ல வாசல். 2011-ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கியது. ஓடக் கூடாது, எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் ஃபைவ்ஸுக்கு முன் மருத்துவரைப் பாருங்கள். ஆட்டத்தில் நெஞ்சு அழுத்துகிறது, தாடையோ இடக்கையோ இழுக்கிறது என்றால் அதை வாயு என்று எண்ணி ஆட்டத்தைத் தொடராதீர்கள்.

யாராவது இடிபடாமலேயே சரிந்து விழுந்து, தட்டிக் கூப்பிட்டும் அசையாமல், சரியாக மூச்சுவிடாமல் இருந்தால் தண்ணீர் தெளித்து நேரம் கடத்தாதீர்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்கு அழைக்கட்டும், ஒருவர் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருக்கிறதா என்று ஓடட்டும், ஒருவர் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தத் தொடங்கட்டும். 5–6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கை சோர்ந்தால் அழுத்தும் ஆழம் குறையும், அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அடுத்தவர் மாறிக்கொள்ள வேண்டும். மைதானத்தில் அதற்கு இன்னும் ஒன்பது பேர் நிற்பார்கள்.