மார்பகத்தை முழுசாக எடுத்தால்தான் பாதுகாப்பா?

பயாப்சி ரிப்போர்ட்டில் 'கார்சினோமா' (புற்றுநோய்) என்ற சொல்லைப் பார்த்த மறுநாளே அறுவை சிகிச்சைக்குத் தேதி கேட்டு வருகிறார்கள். நாளைக்கே முடியுமா, திங்கட்கிழமை முடியுமா என்கிறார்கள். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் ராத்திரியோடு ராத்திரியாக ஆபரேஷன் செய்ய வேண்டிய நோய் இல்லை. கட்டி எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் ஹார்மோன் ரிசெப்டர், ஹெர்-2 முடிவுகள் வரவும், மேமோகிராமை (மார்பக எக்ஸ்ரே) நிதானமாகப் பார்க்கவும் இரண்டு வாரம் போனால் நோய் கைமீறிப் போய்விடாது. அந்த இரண்டு வாரத்தில் எடுக்கும் முடிவுதான் அடுத்த முப்பது வருஷத்துக்கு அந்தப் பெண்ணின் உடம்பில் இருக்கப் போகிறது.

அந்த அவசரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு பேச்சு: "எதுக்கு டாக்டர் ரிஸ்க்? முழுசா எடுத்துடுங்க." இதைப் பெரும்பாலும் நோயாளி சொல்வதில்லை. கணவர் சொல்வார், அண்ணன் சொல்வார், சில சமயம் துபாயிலிருந்து மகன் ஸ்பீக்கர் போனில் சொல்வார். அந்த அம்மா மடியில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்கறையில்தான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு தப்புக்கணக்கு இருக்கிறது. கொஞ்சம் எடுத்தால் கொஞ்சம் பாதுகாப்பு, முழுசாக எடுத்தால் முழுப் பாதுகாப்பு என்ற கணக்கு.

இந்தக் கணக்கைப் பொதுமக்கள் தாங்களாகப் போடவில்லை. டாக்டர்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு முறையைப் பரப்பினார். மார்பகம், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குள் நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்துவிடுவது. நோய் மார்பகத்திலிருந்து அக்குளுக்கு, அக்குளிலிருந்து உடம்புக்கு என்று வரிசையாகத்தான் போகும், வேரோடு எடுத்தால் வழியை அடைத்துவிடலாம் என்பது அவர் நம்பிக்கை. முக்கால் நூற்றாண்டு உலகமே அதைப் பின்பற்றியது. அந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களுக்கு நெஞ்சு எலும்பு துருத்தித் தெரியும், கை வீங்கும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெண்ணை மயக்கத்தில் வைத்தே பரிசோதனை செய்து, புற்றுநோய் என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை எடுத்துவிடும் வழக்கமும் இருந்தது. கண் விழிக்கும்போதுதான் மார்பகம் இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்குத் தெரியும்.

இதைக் கேள்வி கேட்டவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரொனேசி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பெர்னார்ட் ஃபிஷர். வெரொனேசி 1973இல் தொடங்கி 2 செ.மீ. வரை கட்டி உள்ள 701 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார். ஒரு பாதிக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன். மறு பாதிக்கு மார்பகத்தில் கட்டி இருக்கும் நான்கில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன். ஃபிஷரின் ஆய்வு 1976இல் தொடங்கியது. அதில் கட்டி 4 செ.மீ. வரை இருக்கலாம். பெண்கள் மூன்று குழுக்கள்: மார்பகம் முழுவதும் எடுப்பது, கட்டியை மட்டும் எடுப்பது, கட்டியை எடுத்து ரேடியேஷனும் கொடுப்பது.

இரண்டு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஃபிஷரின் மூன்று குழுக்களிலும் 20 ஆண்டுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் 46, 47 சதவீதம். (எண் குறைவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வேறு நோயிலும் முதுமையிலும் இறந்தவர்கள் இதில் சேர்த்தி, மருந்துகளும் 1970களின் மருந்துகள். இன்றைய நிலைமை இதைவிட நிறையவே நன்றாக இருக்கிறது.) ஃபிஷரின் ஆய்வில் ஒரு மையத்தின் பதிவுகளில் முறைகேடு நடந்தது 1994இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அந்த மையத்து நோயாளிகளை நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள். முடிவு மாறவில்லை.

உயிர் பிழைப்பதில் ஏன் வித்தியாசம் இல்லை? மார்பகப் புற்றுநோயில் உயிருக்கு ஆபத்து மார்பகத்தில் இருக்கும் கட்டியால் வருவதில்லை. எலும்புக்கோ, ஈரலுக்கோ, நுரையீரலுக்கோ போன செல்களால் வருகிறது. அப்படிச் செல்கள் போயிருந்தால் கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் போயிருக்கும். நெஞ்சில் இன்னும் நாலு அங்குலம் கூடுதலாக வெட்டுவதால் அவை திரும்பி வரப்போவதில்லை. அவற்றைப் பிடிப்பது கீமோ, ஹார்மோன் மாத்திரை, ஹெர்-2 ஊசி போன்றவற்றின் வேலை. அதனால்தான் "முழுசா எடுத்துட்டா கீமோ வேண்டாம்தானே?" என்ற கேள்விக்கு எப்போதும் 'அப்படி இல்லை' என்றே பதில் சொல்கிறேன். கீமோ வேண்டுமா என்பதைக் கட்டியின் குணமும் அக்குள் நெறிகளும் முடிவு செய்கின்றன. எந்த ஆபரேஷன் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானா? இல்லை. அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு மார்பகத்தை வைத்துக்கொண்டவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். மிலான் ஆய்வில் 20 ஆண்டில் அது 8.8 சதவீதம், முழுசாக எடுத்தவர்களில் 2.3. அந்த 2.3ஐக் கவனியுங்கள், பூஜ்யம் இல்லை. மார்பகம் இல்லாத இடத்திலும் தோலில், தழும்பில் நோய் திரும்புவது உண்டு. வைத்துக்கொண்ட மார்பகத்தில் திரும்பினால் பெரும்பாலும் அப்போது முழுசாக எடுக்க வேண்டி வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்ற முடிகிறது. இதற்காகத்தான் வருஷா வருஷம் மேமோகிராம்.

இப்போது ரேடியேஷன். ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்கள். கட்டியை மட்டும் எடுத்தவருக்கு இது சிகிச்சையின் மறு பாதி. ஃபிஷரின் ஆய்வில் கட்டியை எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுக்காதவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது. ரேடியேஷன் பெற்றவர்களில் 14.3. பிற்பாடு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ரேடியேஷன் மரணத்தையும் ஓரளவு குறைக்கிறது என்பது தெரிந்தது. எழுபது வயதை ஒட்டிய, சின்னக் கட்டியுள்ள, ஹார்மோன் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடக்கூடிய சிலருக்கு மட்டும் இதைத் தவிர்க்கலாம். மற்றவர்கள் "கட்டியை எடுத்தாச்சு, கரண்ட் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டால், இரண்டு சிகிச்சையில் மோசமானதைத் தேர்ந்தெடுத்த மாதிரிதான். அப்படி நிறுத்திவிட்டு மூன்று வருஷம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது, பேசாமல் முதலிலேயே முழுசாக எடுத்திருக்கலாமே என்றுதான் எனக்கும் தோன்றும்.

கரண்டுக்குப் பயப்படப் பெரிய காரணம் இல்லை. முன்பு ஐந்து வாரம் ஓடிய சிகிச்சை இப்போது பொதுவாக மூன்று வாரத்தில் 15 தடவையாகச் சுருங்கிவிட்டது. 2020இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வுக்குப் பிறகு தகுதியுள்ளவர்களுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையாகவும் கொடுக்கிறார்கள். இளவயதுப் பெண்களுக்குக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் அளவு சேர்ப்பதுண்டு. ஒவ்வொரு தடவையும் மேஜையில் படுத்திருப்பது சில நிமிடம், வலி இருக்காது. தோல் கறுக்கும், அசதி இருக்கும், மார்பகம் சற்றுக் கெட்டியாகலாம். தலைமுடி இதனால் கொட்டாது, அது கீமோவின் வேலை. பேரக்குழந்தையைத் தூக்கலாமா என்று எல்லாப் பாட்டிகளும் கேட்கிறார்கள். தாராளமாகத் தூக்கலாம், மெஷினை விட்டு இறங்கியதும் உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. இடது பக்கமாக இருந்தால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பழக்குவார்கள். அப்போது இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகும்.

இன்னொரு விஷயம் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். முழுசாக எடுத்தவர்களுக்கும் ரேடியேஷன் தேவைப்படலாம். கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, நான்கும் அதற்கு மேலும் நெறிகளில் நோய் இருந்தாலோ கொடுத்தாக வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று நெறி என்றாலும் பல சமயம் கொடுப்போம். கரண்டுக்குப் பயந்து மார்பகத்தை எடுத்துவிட்டு, நெறி ரிப்போர்ட் வந்ததும் மறுபடி கரண்ட் வார்டு வாசலில் நிற்பவர்கள் உண்டு.

தியேட்டருக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டியைச் சுற்றி நல்ல சதையின் ஓர் உறையோடு சேர்த்து எடுக்கிறோம். எடுத்த துண்டு தட்டில் விழுந்ததும் அதற்கு மேல் எது, கீழ் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வெளியே எடுப்பதற்கு முன்பே மேல் ஓரத்தில் குட்டை நூல், வெளிப்பக்கம் நீள நூல் என்று தையல் போட்டுவிடுவோம். பேத்தாலஜி டாக்டர் அந்தத் துண்டின் வெளிப்பரப்பு முழுக்க மை தடவி, பிறகு மெல்லிசாக நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். மை பட்ட ஓரத்தில் புற்றுநோய் செல் இல்லை என்றால் போதும். ஒரு செ.மீ., இரண்டு செ.மீ. என்று அகலமாக வெட்ட வேண்டியதில்லை. பால்குழாய்க்குள்ளேயே இருக்கும் தொடக்க நிலை நோய்க்கு மட்டும் 2 மி.மீ. இடைவெளி பார்க்கிறோம். ஓரத்தில் செல் இருந்தால் இன்னொரு முறை ஆபரேஷனுக்கு வர வேண்டியிருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர் மேல் நோயாளிக்குக் கோபம் வருவது நியாயம்தான். கட்டி இருந்த குழியில் சின்ன உலோகக் கிளிப்புகளை விட்டுவிட்டு மூடுவோம், ரேடியேஷன் டாக்டருக்கு இடம் காட்ட. விமான நிலையத்தில் அது சத்தம் போடுமா என்று கேட்பார்கள். போடாது.

அக்குள் தனிக் கதை. எந்த ஆபரேஷன் செய்தாலும் அங்கே செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றே. நீலச் சாயம் செலுத்தி முதல் ஒன்றிரண்டு நெறிகளை மட்டும் பார்த்து, அவை சுத்தமாக இருந்தால் மற்றவற்றை விட்டுவிடலாம். கை வீக்கம் வருமா என்பதை அக்குளில் எவ்வளவு எடுத்தோம், அங்கே ரேடியேஷன் கொடுத்தோமா என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

மார்பகத்தை வைக்க முடியாத நிலைமைகளும் உண்டு. மார்பகத்தின் பல மூலைகளில் கட்டிகள், மேமோகிராமில் மார்பகம் முழுக்கப் பரவிய சுண்ணாம்புப் புள்ளிகள், தோல் முழுக்கச் சிவந்து வீங்கிய வகை, ஏற்கெனவே நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியவர், ஸ்கிளெரோடெர்மா (தோல் இறுகும் நோய்) போன்ற நோய் உள்ளவர், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இருப்பவர். மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிராக்கா (BRCA) மரபணு மாற்றம் இருந்தால் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே முழுசாக எடுப்பதற்கு வலுவான காரணம் இருக்கலாம். கட்டி பெரிதாகவும் மார்பகம் சிறிதாகவும் இருப்பவருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிப் பார்க்கலாம். அப்போது கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் ஒரு கிளிப் வைத்தாக வேண்டும். சிலருக்குக் கட்டி முழுசாகக் கரைந்துவிடும், கிளிப் இல்லையென்றால் அப்புறம் எங்கே வெட்டுவது என்று கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதெல்லாம் மருத்துவக் காரணங்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் முடிவு பல நேரம் வேறு இடத்தில் எடுக்கப்படுகிறது. ரேடியேஷன் மெஷின் இருக்கும் ஊர் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ரேடியேஷன் செலவு அடங்கும். பஸ் கட்டணமும், கூட வருபவரின் மூன்று வாரக் கூலியும், வீட்டில் சமைப்பது யார் என்ற கேள்வியும் அதில் அடங்காது. அந்தக் காரணத்தால் ஒரு பெண் கணக்குப் போட்டு முழுசாக எடுக்கச் சொன்னால் அதை நான் மதிக்கிறேன். வருஷா வருஷம் மேமோகிராம் ரிசல்ட்டுக்குப் பயந்துகொண்டு இருக்க என்னால் முடியாது என்று சொல்பவரையும் மதிக்கிறேன். எனக்கு எரிச்சல் வருவது, "வயசாயிடுச்சு, குழந்தைகள் வளர்ந்தாச்சு, இனி அது எதுக்கு" என்று பக்கத்திலிருப்பவர்கள் முடிவு சொல்லும்போது. அப்போதெல்லாம் குடும்பத்தாரைக் காபி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்த அம்மாவிடம் தனியாகக் கேட்பேன். ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவர் கதவு சாத்தியதும் மெதுவாகக் கேட்டார்: "வெச்சுக்கிட்டா தப்பு ஒண்ணும் இல்லையே மேடம்?" தப்பே இல்லை என்றேன். வைத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டி என்றதும் பக்கத்து நர்சிங் ஹோமில் வெட்டி எடுத்துவிட்டு, புற்றுநோய் என்று தெரிந்த பிறகு எங்களிடம் வருபவர்கள் இன்னும் நிறையப் பேர். நூல் அடையாளம் இருக்காது, ஓரம் தெரியாது, சில சமயம் துண்டே பரிசோதனைக்குப் போயிருக்காது. ஊசி போட்டு பயாப்சி எடுத்தால் நோய் பரவிவிடும் என்று பயந்துதான் இப்படிச் செய்கிறார்கள். பரவாது, முதலில் செய்ய வேண்டியதே அந்த ஊசிப் பரிசோதனைதான். ஏற்கெனவே வெட்டி எடுத்தாகிவிட்டது என்றால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. அந்த லேபில் கேட்டு, எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆபரேஷனுக்கு முன் எடுத்த மேமோகிராம் ஃபிலிமையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.