ஆர்டுயினோ ரெகுலேட்டர் ஏன் கருகுது, மாத்துறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்

காலேஜ் ப்ராஜெக்ட் சீசன் வந்துட்டா என் டேபிளுக்கு வர்ற ஆர்டுயினோ போர்டுல (ப்ரோக்ராம் போட்டு ஓட்டுற சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு) பெரும்பாலானதுக்கு ஒரே கம்ப்ளைன்ட் தான், உள்ள வர்ற வோல்டேஜ 5 வோல்ட்டா குறைக்கிற ரெகுலேட்டர் போயிருக்கும். கேட்டா "சார், 12 வோல்ட் வரைக்கும் குடுக்கலாம்னு தானே போட்டிருக்கு"ன்னு சொல்வாங்க. போட்டிருக்கு, 7லேந்து 12ன்னு. ஆனா அந்த 12ல எவ்வளவு கரண்ட் இழுக்கலாம்ங்கிறத யாருமே கணக்கு போடுறதில்ல.

ஆர்டுயினோல அதிகம் ஓடுற மாடலான ஊனோ ஆர்3, பழைய நானோவுல இருக்கிறது லீனியர் ரெகுலேட்டர். மிச்ச வோல்டேஜ் அப்படியே சூடாத்தான் போகும். வின் (Vin) பின்ல, அதாவது வெளி சப்ளை குடுக்குற கால்ல, 12 குடுத்தா 5 போக மிச்சம் 7 வோல்ட், 200 மில்லிஆம்ப் இழுத்தா 1.4 வாட். நகத்தளவு சிப்பு, சூட்ட வாங்கிக்க சுத்தி காப்பரும் கம்மி, விரல வைக்க முடியாது. அதே லோடுக்கு 7.5 வோல்ட் குடுத்துப் பாருங்க, அரை வாட் தான். டேட்டாஷீட்ல 1 ஆம்ப்னு இருக்கேன்னு 5 வோல்ட் பின்ல ரெண்டு சர்வோவும் (சின்ன மோட்டார்) ரிலே போர்டும் (கரண்ட்ல இயங்குற சுவிட்ச்) மாட்டிட்டு ப்ரோக்ராம திட்டுறவங்கதான் அதிகம். போர்டு கொஞ்ச நேரம் ஓடி ஓடி தானா ரீசெட் ஆகுதா, கோட்ல பக் தேடுறதுக்கு முன்னாடி ரெகுலேட்டர் கிட்ட விரல கொண்டு போய்ப் பாருங்க. சூடு தாங்காம அதுவே ஆஃப் ஆகி ஆன் ஆகிட்டிருக்கும்.

இன்னொன்னு, ஒரிஜினல் ஊனோவுல வர்ற என்சிபி 1117 ரெகுலேட்டர் அதிகபட்சம் 20 வோல்ட் தாங்கும், குளோன் (காப்பி) போர்டுல வர்ற ஏஎம்எஸ் 1117க்கு லிமிட்டே 15 தான். பைக் பேட்டரி 12 வோல்ட்னு நேரா குடுப்பாங்க, வண்டி ஓடும்போது அது 14 தாண்டும், மேல ஸ்பைக் (திடீர்னு எகிறுற வோல்டேஜ்) வேற. முடிஞ்சுது கதை. ஊனோவுல ஜாக் வழியா தப்பா பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா ஒரு டயோடு காப்பாத்தும், வின் பின்ல அந்த டயோடு கிடையாது, மறந்துடாதீங்க.

12 வோல்ட் தான் இருக்குன்னா எல்எம் 2596 பக் மாட்யூல் (அதிகம் சூடாகாம வோல்டேஜ குறைக்கிற சின்ன போர்டு) ஒன்னு வாங்குங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லயே கிடைக்கும். ஆனா போர்ட மாட்டுறதுக்கு முன்னாடி ட்ரிம்பாட் (வோல்டேஜ செட் பண்ற குட்டி ஸ்க்ரூ) திருப்பி மல்டிமீட்டர்ல 5 வோல்ட் வருதான்னு பாத்துட்டு மாட்டுங்க, புது மாட்யூல் எந்த வோல்டேஜ்ல இருக்கும்னு சொல்ல முடியாது. மோட்டார், சர்வோவுக்கு தனி சப்ளை, கிரவுண்ட் மட்டும் சேத்துக்கணும். வெறும் ரிலேய நீங்களே ட்ரைவ் பண்றீங்கன்னா காயிலுக்கு குறுக்கே ஒரு 4007 டயோடு.

ரிப்பேருக்கு வந்தா அவசரப்பட்டு புது ரெகுலேட்டர் போடாதீங்க. பவர கழட்டிட்டு 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஷார்ட் இருக்கான்னு பாருங்க. இருந்தா ரெகுலேட்டர எடுத்துட்டு மறுபடி பாருங்க, அப்பவும் ஷார்ட்னா கோளாறு வேற பார்ட்ல. சில சமயம் ரெகுலேட்டர் உள்ளுக்குள்ளயே இன்புட், அவுட்புட் ஒட்டிக்கிட்டு சாகும், அப்போ 12 வோல்ட்டும் நேரா போர்டோட மெயின் சிப்பான ஏடிமெகாவுக்கு போயிருக்கும், அது தாங்குறது 6 வோல்ட் தான். அதனால ரெகுலேட்டர் இல்லாமயே பெஞ்ச் சப்ளைல (வோல்டேஜ், கரண்ட் லிமிட் செட் பண்ற பவர் சப்ளை) 100 மில்லிஆம்ப் லிமிட் வச்சு 5 வோல்ட் குடுத்து சிப்பு உயிரோட இருக்கான்னு பாத்துட்டுத்தான் மேல செலவு பண்ணணும்.

1117 ரெகுலேட்டர்ல இருக்கிற பெரிய டேப் (அகலமான உலோகக் கால்) கிரவுண்ட் இல்ல, அவுட்புட். ஹீட் சிங்க் ஒட்டுறேன்னு அத கிரவுண்டோட சேத்துடுறாங்க. எடுக்கும்போது டேப்லயும் மூணு கால்லயும் நிறைய ஈயம் விட்டு மாத்தி மாத்தி சூடு காட்டினா போர்டுல இருக்கிற பேட் (காப்பர் தடம்) உரியாம வரும். புதுசு வாங்கும்போது மேல இருக்கிற எழுத்த பாருங்க, ஏடிஜேன்னு (ADJ, வோல்டேஜ மாத்தி வைக்கக்கூடிய வகை) இருந்தா ஊனோவுல 1.25 வோல்ட் தான் வரும். 3.3 வோல்ட்ல ஓடுற ஈஎஸ்பி 32ங்கிற இன்னொரு வகை போர்டுல 3.3 ரெகுலேட்டருக்கு பதிலா 5.0 போட்டீங்கன்னா மெயின் சிப்பே காலி.

யூஎஸ்பில மட்டும்தான் ஓட்டப் போறீங்கன்னா ஊனோவுல புது ரெகுலேட்டர் போடவே வேணாம், கெட்டத கழட்டிட்டு அந்த இடத்த காலியாவே விட்டாலும் போர்டு ஓடும்.